பத்துமலை கோயில்தானே, நெஜமான குகை எங்க இருக்குன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். திருச்சிலேருந்து மாமனார் மாமியார் வராங்க, பள்ளி லீவு, பசங்களுக்கு 8 வயசு 12 வயசு, மாமியாருக்கு முட்டி வலி, "பத்துமலை கோயிலு, அத விடுங்க, உள்ள ஸ்டாலக்டைட் எல்லாம் தொங்குற நெஜமான சுண்ணாம்புக் குகை கேஎல் (கோலாலம்பூர்) பக்கத்துல எங்க இருக்கு"ன்னு கேட்டிருக்கீங்க. ஒரே வரில பதில் வேணும்னா, பேராக் மாநிலத்துல கோப்பெங் பக்கத்துல குவா தெம்புரோங் (மலாய்ல குவான்னா குகை), காடில ரெண்டு மணி நேரம். ஆனா அதுக்கு முன்னாடி உங்ககிட்ட கொஞ்சம் சண்ட போடணும், ஏன்னா பத்துமலை நெஜமான குகை இல்லன்னு சொல்லிட்டீங்க பாருங்க, அது எனக்கு பொறுக்கல.

நான் சின்ன வயசுலேருந்து தைப்பூசத்துக்கு அந்த 272 படி ஏறுறவன்தான், எங்கப்பா தோள்ல ஒக்காந்து ஏறுனதுகூட ஞாபகம் இருக்கு, ஆனா முப்பது வயசு வரைக்கும் நானும் ஒருநாள் மேல நிமிந்து பாத்ததில்ல. எல்லாரும் அப்படித்தான், படி ஏறும்போது கொரங்கு பைய பறிச்சிடுமோன்னு பயம், மேல போனா சாமி, அப்புறம் செல்ஃபி, எறங்கினா எளனி. தலைக்கு மேல நூறு மீட்டர் கிட்ட ஒசரத்துல கூரை இருக்கு, அதுல ஓட்டை விழுந்து வெளிச்சம் கீழ வருது, பின்னாடி இன்னும் கொஞ்சம் படி ஏறினா வள்ளி தெய்வானை சன்னதி பக்கம் அப்படியே ஆகாயம் தெரியும். யாரும் அத வெட்டல. ஒரு காலத்துல மூடியிருந்த கூரைதான், தண்ணி அரிச்சு அரிச்சு மெலிஞ்சு போயி இடிஞ்சு விழுந்து தெறந்துகிட்டது. அதாவது நம்ம முருகன் நிக்கிற எடம் வயசாகி கூரை போன குகை. இத தெரிஞ்சுகிட்டு போயி நின்னு பாருங்க, வேற மாதிரி இருக்கும்.

பேரப் பத்தி ஒண்ணு, உங்க மாமனார் கண்டிப்பா கேப்பாரு, "பத்து மலை இருக்கா"ன்னு. இல்ல. மலாய்ல பாத்துன்னா கல்லு, பக்கத்துல ஓடுற சுங்கை பாத்து ஆத்துப் பேருலேருந்து வந்தது, நம்மாளுங்க அத பத்துமலைன்னு ஆக்கிட்டாங்க. கோயில் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தெமுவான்ங்கிற ஒராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி ஜனங்க அந்த குகை வாயில தங்கியிருக்காங்க, 1860கள்ல சீனக்காரங்க வவ்வா எச்சத்த அள்ளிட்டு போயி காய்கறி தோட்டத்துக்கு உரமா போட்டிருக்காங்க, 1878ல ஹார்னடேன்னு ஒரு அமெரிக்க இயற்கை ஆராய்ச்சியாளர் வந்து பாத்து எழுதுன பிறகுதான் வெளி ஒலகத்துக்கு தெரிஞ்சது. அதுக்கப்புறம்தான் நம்ம தம்புசாமி பிள்ளை கோயில் வெச்சது, 1892லேருந்து அங்க தைப்பூசம் நடக்குது. மொதல்ல மரப்படி, 1940ல கான்கிரீட் படி, கலர் அடிச்சது 2018ல, 42.7 மீட்டர் முருகன் செலை 2006ல தெறந்தது. இதெல்லாம் மாமனாருக்கு சொல்லுங்க, திருச்சிக்காரர்தானே, கோயில் கதைன்னா காது குடுப்பாரு.

திருச்சின்னு சொன்னதும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. மலைக்கோட்டைல பல்லவர் காலத்து குகை இருக்கு பாருங்க, மகேந்திரவர்மன் வெட்டுனது, அது உளி வெச்சு மனுஷன் கொடஞ்ச குகை. கெட்டிப் பாறை, தண்ணிக்கு அசையாது, மனுஷன் கை வெச்சாத்தான் உண்டு. பத்துமலைய கொடஞ்சது மழைத் தண்ணி. கல்லு சுண்ணாம்புக்கல், வயசு கிட்டத்தட்ட 40 கோடி வருஷம், ஒரு காலத்துல கடலுக்கு அடில சேந்த சங்கு சிப்பி பவளம் மாதிரி சமாச்சாரம் எல்லாம் அமுங்கி கல்லா ஆனது. மாமனாருக்கு அரியலூர் தெரிஞ்சிருக்கும், சிமெண்ட் ஃபேக்டரி எல்லாம் எந்தக் கல்ல நம்பி ஓடுதோ அதே ஜாதி கல்லுதான், அதுவும் கடலுக்கு அடில சேந்தது, ஆனா அரியலூர் கல்லு டைனோசர் காலத்துது, பத்துமலையோட ஒப்பிட்டா கொழந்த.

சரி தண்ணி எப்படி கல்லக் கரைக்கும்னு பசங்க கேப்பாங்க. மழை பெய்யும்போது காத்துலேருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கலக்குது, அப்புறம் காட்டு மண்ணுக்குள்ள எறங்கும்போது வேரு, மக்குன இலை இதுலேருந்தெல்லாம் இன்னும் நெறைய ஏறுது, ஏறி லேசான ஆசிட் ஆயிடுது, நம்ம சோடா தண்ணி மாதிரின்னு வெச்சுக்குங்க. அந்தத் தண்ணி கல்லு வெடிப்புல எறங்கி சுண்ணாம்ப கரைச்சு எடுத்துகிட்டு குகை கூரைல வந்து சொட்டா நிக்கும். இங்கதான் எல்லாரும் தப்பா சொல்றாங்க, தண்ணி காஞ்சு போயி சுண்ணாம்பு தங்கிடுதுன்னு. நம்ம ஊரு குகைக்குள்ள காத்துல அவ்ளோ ஈரம், எங்க காயுறது? நடக்குறது என்னன்னா சோடா பாட்டில் மூடிய தெறந்தா கேஸ் போற மாதிரி, குகைக் காத்துல பட்டதும் அந்த சொட்டுலேருந்து கேஸ் வெளிய போயிடும், கேஸ் போனா அந்தத் தண்ணியால அவ்ளோ சுண்ணாம்ப தாங்கிக்க முடியாது, ஒரு துளியூண்டு விட்டுட்டு விழுந்துடும். கூரைல விட்டது மேலேருந்து தொங்குற ஸ்டாலக்டைட், கீழ விழுந்து செதறி அங்க விட்டது தரைலேருந்து வளர்ற ஸ்டாலக்மைட், ரெண்டும் வளந்து தொட்டுகிட்டா தூணு. சொட்டாம சொவத்துல வழிஞ்சு ஓடினா திரைச்சீலை மாதிரி மடிப்பு மடிப்பா வரும், அதுக்கு ஃப்ளோஸ்டோன்னு பேரு. மாமியார்கிட்ட சொல்லணும்னா, உப்பா இருக்குற போர் தண்ணிய காய்ச்சுற பாத்திரத்துல வெள்ளையா படியும்ல, அதே பொருளுதான்மா இதுன்னு சொன்னா போதும், டக்குனு புடிச்சுக்குவாங்க.

எவ்ளோ வேகமா வளரும்னா, எடத்துக்கு எடம் மாறும், பொதுவா வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குன்னு கணக்கு வெச்சுக்கலாம். கரிகாலன் கல்லணை கட்டுன அன்னிக்கு ஒண்ணு சொட்ட ஆரம்பிச்சிருந்தா இன்னிக்கு கிட்டத்தட்ட ஒரு சாண் இருக்கும். ஒரு சாண்! அத ஒருத்தன் ஒடச்சு பாக்கெட்ல போட்டுகிட்டு போயி வீட்ல ஷெல்ஃப்ல வெக்கிறான். கையால தொட்டாகூட போச்சு தம்பி, நம்ம கை எண்ணெ ஒட்டிகிட்டா அதுக்கு மேல புதுசா சுண்ணாம்பு ஒழுங்கா ஒட்டாது, கறுத்துப் போயிடும். பசங்க கைய பாக்கெட்ல வெச்சுகிட்டு நடக்கட்டும்.

பத்துமலைலயே இருட்டு குகையும் இருக்கு, குவா கெலாப்னு பேரு, படி ஏறும்போது முக்கால் ஒசரத்துல எடது பக்கம் வாசல். உள்ள ரெண்டு கிலோமீட்டர் கிட்ட பாதை, தொங்குறது, வளர்றது, திரைச்சீலை எல்லாம் கெடாம இருக்கு, லிஃபிஸ்டியஸ் பாத்துவென்சிஸ்னு ஒரு செலந்தி இருக்கு, நம்ம பாத்து பேரையே அதுக்கு வெச்சிருக்காங்க. மத்த செலந்தி மாதிரி வலை பின்னாது, சொவத்துல பொந்து மாதிரி பண்ணி கதவு போட்டுக்கும், கதவுக்கு வெளிய நாலா பக்கமும் நூல நீட்டி வெச்சிருக்கும், ஏதாவது பூச்சி நூல்ல கால் வெச்சா கதவத் தெறந்து பாஞ்சு புடிச்சிடும். ரொம்பப் பழைய ஜாதி, வயித்துல பூரான் மாதிரி கட்டு கட்டா இருக்கும், மத்த செலந்திங்க எல்லாம் அத எப்பவோ விட்டுடுச்சு. ஆனா 2019ல அந்த குகைய மூடிட்டாங்க, கைட் வெச்சு கூட்டிட்டு போனதெல்லாம் நின்னு போச்சு. அதனால பசங்ககிட்ட ஆசை காட்டாதீங்க, போற வழில பழைய வாசல மட்டும் காட்டுங்க. மூடுனப்ப எனக்கு வருத்தம்தான், ஆனா உள்ள இருக்குற வவ்வாலுக்கு நல்லதுன்னு மனச தேத்திகிட்டேன்.

வவ்வா வெறும் நாத்தம்னு நெனைக்காதீங்க. பத்துமலைல இருக்குற தேன் குடிக்கிற வவ்வால் ஜாதிய 1970கள்ல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, ராத்திரில கெளம்பி முப்பது கிலோமீட்டருக்கு மேலகூட பறந்து கடலோரக் காட்டுப் பூ வரைக்கும் போயி தேன் குடிச்சிட்டு திரும்புது. வழில டுரியான் பூ, பெத்தாய் பூ எல்லாத்துலயும் வாய வெச்சு மகரந்தம் தூக்கிட்டு போகுது. டுரியான் பூ சாயங்காலமா விரியும், ராத்திரில முக்கியமா இந்த வவ்வாத்தான் வரும். சீசன்ல கிலோ எவ்ளோ வெள்ளின்னு நாம சண்ட போட்டு வாங்குற பழம் குகைல தலைகீழா தொங்குறவங்க புண்ணியத்துல வருது லா.

பத்துமலை அடிவாரத்துலயே இருக்குற ராமாயண குகைய மறந்துடாதீங்க, 15 மீட்டர் ஆஞ்சநேயர் செலை பக்கத்துல, கேடிஎம் ரயில் ஸ்டேஷன ஒட்டியே. டிக்கெட் உண்டு. உள்ள கலர் லைட்டு, கும்பகர்ணன் தூங்குறாரு, பசங்களுக்கு புடிக்கும். எனக்கு அந்த லைட்டு அவ்ளோவா புடிக்காது, லைட்டு எங்க ரொம்ப நேரம் எரியுதோ அங்க சொவத்துல பாசி புடிச்சு பச்சையாயிடும், ஷோ குகை எல்லாத்துலயும் இருக்குற தலைவலி இது. ஆனா படி ஏறி உள்ள மேல போனா சுயம்பு லிங்கம்னு கும்புடுறாங்க பாருங்க, அது தரைலேருந்து தானா வளந்த ஸ்டாலக்மைட். மனுஷன் செய்யாத லிங்கம்னு சொல்றது அந்த விஷயத்துல நூத்துக்கு நூறு சரி.

இப்ப தெம்புரோங். பிளாஸ் ஹைவேல வடக்க போயி கோப்பெங் டோல்ல எறங்கணும், ஹைவேல போகும்போதே அந்த வெள்ளைப் பாறை மலைங்க தெரிய ஆரம்பிச்சிடும். தெம்புரோங்னா தேங்காச் செரட்டை. உள்ள அஞ்சு பெரிய மண்டபம், ஒவ்வொண்ணோட கூரையும் செரட்டைய கவுத்து வெச்ச மாதிரி வளைவா இருக்கும். மூணு கிலோமீட்டர் கிட்ட நீளம், மலைய இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வெளிய வரலாம், உள்ளயே ஆறு ஓடுது. பத்துமலைல நீங்க பாத்தது வயசான குகைன்னு சொன்னேன்ல, இது உயிரோட இருக்குற குகை. சொட்டு விழுற சத்தம் கேக்கும், ஸ்டாலக்டைட் முனைல டார்ச் அடிச்சா தண்ணி மணியா மின்னும். மின்னுச்சுன்னா அது இன்னும் வளருது, மங்கலா தூசி படிஞ்சு காஞ்சு கெடந்தா தண்ணி வேற வழிய புடிச்சுகிட்டு போயிடுச்சுன்னு அர்த்தம். இத மட்டும் பசங்களுக்கு சொல்லிக் குடுங்க, உயிரோட இருக்குறது எது, செத்தது எதுன்னு எண்ணிகிட்டே வருவாங்க, "எப்பப்பா வீட்டுக்குப் போறது"ன்னு கேக்க மாட்டாங்க.

அங்க ரெண்டு விதமா போகலாம். ஒண்ணு காஞ்ச பாதை, கான்கிரீட் நடைபாதை, கம்பி, லைட்டு எல்லாம் போட்டிருக்கு, ஆனா உள்ள போகப் போக படி ஏறிகிட்டே போகும், பத்துமலைய விட ஜாஸ்தி. இன்னொண்ணு ஆத்துல எறங்கி தண்ணில நடந்து, சில எடத்துல தவழ்ந்து, சறுக்கிப் போறது, கைட் இல்லாம விடமாட்டாங்க, விடவும் கூடாது. பன்னெண்டு வயசுக்காரன் குதிப்பான், எட்டு வயசுக்கு நீங்க பாத்து முடிவு பண்ணுங்க. நான் மொத தடவ போனப்ப சிலிப்பர் போட்டுகிட்டு போனேன், கூட்டாளிங்க சொன்னாங்க ஷூ போடுடான்னு, கேக்கல, பாதி வழில ஒத்த சிலிப்பர் ஆத்தோட போயிடுச்சு, மிச்ச தூரம் கூழாங்கல்லுல நொண்டிகிட்டே வந்தேன். வெளிய வந்தா என் சிலிப்பர் எனக்கு முன்னாடி வந்து கல்லுல மாட்டிகிட்டு ஒக்காந்திருக்கு.

அந்த ஆத்துப் பாதைல ஒரு எடத்துல கைட் எல்லார் லைட்டையும் அணைக்கச் சொன்னாரு. தம்பி, நாம இருட்டுன்னு சொல்றது எல்லாம் இருட்டே இல்ல. வீட்ல கரண்ட் போனாலும் எங்கேருந்தாவது ஒரு வெளிச்சம் இருக்கும், கண்ணு அஞ்சு நிமிஷத்துல பழகிடும். இங்க பழகவே பழகாது, கைய மூக்குக்கு முன்னாடி ஆட்டுனா ஆட்டுறது தெரியுற மாதிரியே ஒரு பிரமை வரும், ஆனா தெரியாது. தண்ணிச் சத்தம் நாலு மடங்கா கேக்கும். எங்க கூட்டத்துலயே வாயாடி ஒருத்தன், அவன்கூட மூச்சு விடல. நீங்க போற டூர்ல அப்படி செய்யலன்னா நீங்களே கேளுங்க, ஒரு நிமிஷம் அணைக்க முடியுமான்னு.

சொவத்துல பழைய எழுத்துங்க இருக்கும். ஈயம் (வெள்ளீயம், இங்கிலீஷ்ல டின்) தோண்டுனவங்க உள்ள வரைக்கும் வந்திருக்காங்க, மலாயா எமர்ஜென்சி காலத்துல, அதாவது வெள்ளக்காரன் கம்யூனிஸ்ட்டுங்களோட சண்ட போட்ட காலத்துல, அந்த ஆளுங்க ஒளிஞ்சிருந்த எடமும் இதுதான். இந்த வட்டாரமான கிந்தா பள்ளத்தாக்குல ஏன் அவ்ளோ ஈயம்னு பாத்தா அதுவும் இதே கல்லோட வேலை. பக்கத்து கருங்கல் மலைலேருந்து மழை அடிச்சுகிட்டு வந்த ஈய மணலு, அரிச்சு போயி மேடு பள்ளமா கெடந்த சுண்ணாம்புக்கல் தரைல, அந்தக் குழிக்குள்ள போயி சிக்கி தங்கிடுச்சு. ஈயத்துக்காக ஈப்போ வளந்துச்சு, அதுக்கு ரயில் போட நம்மாளுங்க வந்தாங்க, எங்க தாத்தா உட்பட.

மாமியாருக்கு தெம்புரோங் வேணாம், வாசல் பக்கத்து மொத மண்டபம் வரைக்கும் வேணா போயி ஒக்காரலாம். அவங்களுக்காக ஈப்போல கெக் லோக் தோங் போங்க, குனோங் ராப்பாட்ல இருக்குற சீனக் கோயில் குகை, மண்டபம் பெருசு, தரை சமமா இருக்கும், படி ரொம்ப இல்ல, காத்து சும்மா ஜிலுஜிலுன்னு இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போகும், பின்னாடி வெளிய வந்தா தோட்டம் கொளம். என்னக் கேட்டா முட்டி வலிக்காரங்களுக்கு இந்த நாட்டுலயே இத விட நல்ல குகை இல்ல. அப்படியே குனோங் சேரோல கல்லுமலை சுப்ரமணியர் கோயில், அதுவும் குகையோட சேந்தது, சாமி பாத்த திருப்தி அவங்களுக்கு வந்துடும். அந்த மலைலேருந்துதான 1973ல ஒரு பெரிய பாறை பிரிஞ்சு கீழ இருந்த வீடுங்க மேல விழுந்து நாப்பது பேர் கிட்ட செத்தாங்க, சுண்ணாம்பு மலையோட இன்னொரு மொகம் அது. மலை அடிவாரத்துல நெழலா இருக்கேன்னு காடிய ஒட்டி நிறுத்தாதீங்க.

பினாங்குல யாராவது உங்ககிட்ட அங்க வாங்கன்னு சொன்னா, அந்தத் தீவு கிரானைட், இந்த மாதிரி குகை வராது. அவங்களே பெர்லிஸ்ல காக்கி புக்கிட் போயி குவா கெலாம் பாக்குறாங்க, 370 மீட்டர், மரப்பாலத்துலயே நடந்துடலாம். முலு குகைங்க எல்லாம் சரவாக்ல, ஃப்ளைட் புடிக்கணும், அத தனியா கேளுங்க, அதுக்கு ஒரு நாள் முழுக்க எழுதணும்.

பெரியவன்கிட்ட இத மட்டும் சொல்லுங்க, கேஎல்லுக்கு அடிலயே இந்தக் கல்லு இருக்கு. கேஎல்சிசி ட்வின் டவர மொதல்ல கட்டறதா இருந்த எடத்துல தோண்டிப் பாத்தா கீழ பாதி பக்கம் சுண்ணாம்புப் பாறை, அதுல ஓட்டை, மீதி பக்கம் மெத்துனு மண்ணு, அதனால கட்டடத்தையே 60 மீட்டர் கிட்ட தள்ளி, முழுக்க மண்ணு மேலயே நிக்கிற மாதிரி நூறு மீட்டருக்கு மேல ஆழமா அஸ்திவாரம் எறக்கினாங்க. வெள்ளத்துக்கு கட்டுன ஸ்மார்ட் டனலும் 9.7 கிலோமீட்டர், இதே ஓட்டை ஓட்டையான கல்லுக்குள்ளதான் போகுது. டவர்ல போட்டோ புடிக்கும்போது கீழயும் ஒரு பார்வை பாக்கச் சொல்லுங்க.

நேரம் எப்படின்னா, பத்துமலைக்கு ஒரு காலைல ஏழு மணிக்கெல்லாம் கேடிஎம் ஏறிடுங்க, ஒம்போது மணிக்கு மேல கூட்டமும் வெயிலும் சேந்துக்கும். கொரங்கு கண்ணுல படுற மாதிரி பிளாஸ்டிக் பை, திங்கிற சாமான் எதுவும் கைல வேணாம், மாமனாரு மூக்குக் கண்ணாடி போடுறவரா இருந்தா அதையும் பாத்துக்குங்க. தெம்புரோங்குக்கு வேற ஒரு நாள், விடியக்காலைல கெளம்பி காலைலயே உள்ள போயிடுங்க, நம்ம பக்கம் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் கொட்டும், கொட்டுனா உள்ள ஆறு ஏறும், மூடிடுவாங்க. கெளம்புறதுக்கு முந்தின நாள் ஃபோன் போட்டு தெறந்திருக்கா, எந்த டூர் ஓடுதுன்னு கேட்டுடுங்க, வெள்ளம், ரிப்பேர்னு அப்பப்ப மூடுவாங்க, இங்கேருந்து அவ்ளோ தூரம் போயி கேட்டப் பாத்துட்டு வர்றது கொடுமை. யாருக்காவது ஆஸ்துமா, நெஞ்சு சளி இருந்தா வவ்வா எச்சம் காஞ்சு தூசியா கெடக்குற பக்கம் போகாதீங்க, அதுல ஒரு பூஞ்சை இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது. ஷூ, ஆளுக்கு ஒரு டார்ச் லைட், மாத்துத் துணி, அப்புறம் காடி சீட்டுல விரிக்க ஒரு பழைய பாய், சேறு போகவே போகாது, என் பழைய காடில கடைசி வரைக்கும் போகல.